மோப்பம் மாஸ்டருக்கு மூக்கடைத்த நாள்

டீசல் வண்டி ஒன்று வொர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றால் அவர் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். வண்டிக்காரரையும் பார்க்க மாட்டார். ஆகாயத்தைப் பார்ப்பார். பிறகு அழுக்குத் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனிதர் நடையில் வந்து, டேங்க் மூடியைத் திறந்து, அந்தத் துவாரத்தின் மேல் மூக்கை வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுப்பார். சுற்றி நிற்கிறவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். கண்ணைத் திறந்து, உதட்டைப் பிதுக்கி, அவர் சொல்லும் முதல் சொல் இதுதான்:

"ப்ச்."

வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் அந்த "ப்ச்"சுக்குப் பயந்தார்கள். முகத்துக்கு நேரே அவர் மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் மோப்பம்.

எங்கள் பேட்டரிக் கடைக்கும் அவர் வொர்க்‌ஷாப்புக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம். இந்தப் பக்கம் நான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர் தன் பெருமையை ஊற்றிக்கொண்டிருப்பார். குரல் அடிவயிற்றிலிருந்து வரும். செய்தி வாசிக்கிறவர் தலைப்புச் செய்தியிலேயே நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

"கட-கட-கட... இது கேக்குதா? இது நல்ல நாசில். கட-கட-கட்... இது கேக்குதா? இது செத்த நாசில்."

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது மாஸ்டர்."

"அதனாலதான் நீங்க வண்டி ஓட்டறீங்க, நான் வண்டி பாக்கறேன். நான் சொல்லல, வண்டி சொல்லுது."

வண்டி சொல்வதாக அவர் சொன்னதெல்லாம் பெரும்பாலும் நாசிலைப் பற்றித்தான் இருக்கும். புகை கறுப்பாக வந்தாலும் நாசில், வெள்ளையாக வந்தாலும் நாசில், புகையே வராவிட்டால் கட்டாயம் நாசில். டீசலைத் தூறலாகப் பீய்ச்சி அடிக்கிற அந்தச் சின்ன மூக்கின் மேல் அவருக்கு என்ன பகையோ தெரியாது. கழற்றி வைத்த நாசில்களை ஒரு தட்டில் அடுக்கி வாசலிலேயே வைத்திருப்பார், வேட்டைக்காரன் வீட்டில் மான் கொம்பு மாட்டி வைத்த மாதிரி.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த நட்டைத் தொட்டாலும் அதைக் கடைசியாக முறுக்கினவனைத் திட்டிவிட்டுத்தான் கழற்றுவார்.

"எந்த மடையன்யா இத முறுக்கினது? கையால முறுக்கினானா, காலால முறுக்கினானா?"

"போன தடவை நீங்கதான் மாஸ்டர்..."

"நானா? நான் முறுக்கினா இப்படி இருக்காது. நடுவுல எவனோ கை வச்சிருக்கான்."

அந்த "எவனோ"வைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவன் ரொம்ப சுறுசுறுப்பானவன். மாஸ்டர் தொட்ட ஒவ்வொரு வண்டியையும் பின்னாலேயே போய்க் கெடுத்துக்கொண்டிருந்தான்.

வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இரண்டு அறைகள். அதுதான் வீடு. மாஸ்டரின் மனைவி சமையலறை ஜன்னலில் நின்று அரிசி களைந்துகொண்டே வொர்க்‌ஷாப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். "கப்பல் எஞ்சினையே தட்டி எழுப்பினவன்யா நான்" என்று மாஸ்டர் ஆரம்பித்தால், ஜன்னலிலிருந்து சுருதி பிசகாமல் பதில் வரும்.

"கப்பலா? கப்பலுக்கு பெயின்ட் அடிக்கறத கரையில நின்னு வேடிக்கை பாத்தாரு. சும்மா பாத்தாரா? அடிக்கறவனுக்கு யோசனை சொன்னாராம். அவன் டப்பாவத் தூக்கி எறிஞ்சான். நெத்தியில இருக்கே தழும்பு, அதுதான் இது. கேட்டா பம்ப் வெடிச்சதும்பாரு."

ஒரு நாள் அந்த அம்மா அடுப்பு சரியாக எரியவில்லை என்று சொல்லித் தொலைத்துவிட்டார். மாஸ்டர் பர்னரை மோந்தார். "ப்ச்" என்றார். அடுப்பை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, ஊசியால் குத்தி, திரும்பப் பூட்டினார். அதுவரை வீட்டில் கடைச் சாப்பாடு. பூட்டிய பிறகும் எரியவில்லை. கடைசியில் சிலிண்டர் காலி என்பதைக் கண்டுபிடித்தது சிலிண்டர் போட வந்தவர். "நான்தான் முதல்லயே சொன்னேனே, எரிபொருள் வரத்துல கோளாறுன்னு" என்றார் மாஸ்டர். அந்த அம்மா தட்டை வைத்த சத்தம் எங்கள் கடை வரைக்கும் கேட்டது.

இப்படிப்பட்டவரிடம்தான் லாண்டரி அக்கா தன் பிக்கப் வண்டியை விட்டு வைத்திருந்தார்.

தெருமுனையில் லாண்டரி. அக்காவுக்கு முக்கியமான வேலை ஆஸ்பத்திரி வேலைதான். அழுக்குப் படுக்கை விரிப்புகளை எடுத்து வந்து, துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, காலையில் வார்டில் விரிப்பு மாற்றுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வண்டி ஓட்டுவது அக்காவின் தம்பி. அக்கா பேசினால் ஸ்டாப்ளர் அடித்த மாதிரி, டக் டக்கென்று முடிந்துவிடும். தம்பி பேசினால் ஈரத்துணி பிழிவது மாதிரி, இழுத்து இழுத்து, முறுக்கி முறுக்கி, கடைசியில் ஒரு சொட்டு விஷயம் வரும்.

வம்பு ஆரம்பித்தது வாசனையில். வண்டியின் டேங்க் மூடி பழையது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது டீசல் கசிந்து, பின்னால் இருக்கும் மூட்டைகளில் வாசம் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் ஒரு விரிப்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். அவர் குரல் மூக்கு வழியாக, மிக மெதுவாக, பேசுகிற அவருக்கே தூக்கம் வருகிற மாதிரி வரும்.

"ஏம்மா... பேஷன்ட்டுங்கள்லாம்... லாரிக்கு அடியில படுத்த மாதிரி இருக்குன்னு... சொல்றாங்கம்மா."

அக்கா அன்றைக்கே மாஸ்டரிடம் வந்தார். "வாசம் வரக்கூடாது மாஸ்டர். மூடிய மாத்திடுங்க."

"மூடிய மாத்தறதா? மாத்தறதுக்கு நான் எதுக்கு? மாத்தறவன் கடைக்காரன். சரி பண்றவன்தான் மெக்கானிக்."

மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த பரவசத்தைத் தகரத்து ஓட்டை வழியாக நான் பார்த்தேன்.

"பாத்தியாம்மா! கம்பெனிக்காரன் லட்சணத்த! ஓட்டையோட வித்திருக்கான்! இது வழியாத்தான் வாசம் வருது. இத்தனை நாளா ஒருத்தன் கண்ணுக்கும் படல பாரு."

பழைய டயர் டியூபை வட்டமாக வெட்டி, பசை தடவி, மூடிக்குள் அழுத்தி ஒட்டினார். காற்றுகூடப் புகாத மாதிரி முடுக்கினார். வாசம் நின்றது. அக்கா நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வண்டி நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது.

காலையில் தொட்டவுடன் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்க, வயசானவர் மாடிப்படி ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கும். கடைசியில் பாலத்து மேலோ, மரக்கடைத் திருப்பத்திலோ அணைந்துவிடும். தம்பி செல்ஃப் அடித்துப் பார்ப்பான். சுற்றும், பற்றாது. போன் போகும். மாஸ்டர் ஸ்கூட்டரில் வருவார், இடுப்பில் ஸ்பேனரைச் செருகிக்கொண்டு.

வந்ததும் முதல் வேலை மூடியைத் திறந்து மோப்பம். திறக்கும்போதும் வாய் ஓயாது. "எங்க டீசல் போட்டே? அந்த பங்க்கா? அவன் டீசல் விக்கறானா, வெந்நீர் விக்கறானா?" என்று கத்திக்கொண்டேதான் திருகுவார். ஒரு இழுப்பு. "ப்ச்." மூடியைப் பழையபடி இறுக்கிவிட்டு முன்னால் போவார். எஞ்சினுக்கு டீசலை ஏற்றும் கை பம்பை அமுக்குவார். ஸ்பேனரால் பம்பின் தலையில், பாடம் படிக்காத பிள்ளையைக் குட்டுகிற மாதிரி, குட்டுவார். "அடி செல்ஃப!"

வண்டி பட்டென்று கிளம்பிவிடும்.

தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறை. "அக்கா... அவரு கை பட்டா... போதும்க்கா..."

"கை பட்டு சரியாகறதுன்னா, ஏன் அந்தக் கை மறுபடி மறுபடி படணும்?" என்பார் அக்கா.

மாஸ்டரிடம் அதற்கும் பதில் இருந்தது. முதலில் பில்டர் என்றார், மாற்றினார். பிறகு டீசல் பைப் என்றார், மாற்றினார். நாசில்களைக் கழற்றித் தன் மான் கொம்புத் தட்டில் சேர்த்துக்கொண்டு வேறு போட்டார். வண்டியில் அவர் கை வைக்காதது ஹாரன் மட்டும்தான். டேங்க்கை நிரப்பிய நாளில் வண்டி இன்னும் சீக்கிரமாக நின்றது. அதையும் அவர் கவனித்தார். அது பங்க்காரனின் சதி என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வேறு தீர்ப்பு தயாராகிக்கொண்டிருந்தது. விரிப்பு வராமல் வார்டு காத்திருந்த ஒரு காலையில், ஸ்டோர்காரர் அக்காவை நிறுத்திவைத்துச் சொன்னார்:

"போன தடவை பில்டருன்னீங்க... அதுக்கு முன்னாடி பைப்புன்னீங்க... எல்லாத்தையும் மாத்தின வண்டி ஓடணுமேம்மா... உங்க தம்பி தூங்கிடறாரோ என்னமோ... இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா... வேற லாண்டரிக்குக் குடுத்துடுவேன். அப்பறம் என்கிட்ட வராதீங்க."

அந்த வேலை போனால் லாண்டரியில் பாதி மெஷின் சும்மா நிற்கும். இஸ்திரி மேசையில் நிற்கிற பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அக்கா அன்று மாஸ்டரிடம் வந்து ஒரே வாக்கியம் பேசினார். "இனிமே ஒரு தடவை நின்னா எனக்கு ஆஸ்பத்திரி இல்ல மாஸ்டர்."

"நான் இருக்கேன் இல்ல?" என்றார் மாஸ்டர். "டேங்க்கை மட்டும் எப்பவும் ஃபுல்லா வச்சுக்கச் சொல்லு. காலி டேங்க்லதான் அழுக்கு ஏறும்."

தம்பி அன்று மாலையே வாய் வரைக்கும் நிரப்பினான்.

மறுநாள் காலை, சுத்தமான மூட்டைகளோடு கிளம்பிய வண்டி பாலத்தைக்கூடத் தொடவில்லை. நின்றுவிட்டது. செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியும் படுத்துவிட்டது. அக்கா மாஸ்டருக்கும் போன் போட்டார், எங்கள் கடைக்கும் போன் போட்டார். முதலாளி ஒரு சார்ஜ் ஏற்றிய பேட்டரியை என் கையில் கொடுத்து, "இது இரவல். திரும்பி வரும்போது இது இல்லாம வந்தே, கடைக்குள்ள விடமாட்டேன்" என்று அனுப்பினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் முன்னாலேயே வந்திருந்தார். ஆனால் அது பழைய மாஸ்டர் இல்லை. முந்தின நாள் மழையில் நனைந்து ஜலதோஷம். மூக்கு சிவந்து வீங்கிக் கிடந்தது. கழுத்தைச் சுற்றித் துண்டு. செய்தி வாசித்த தொண்டையில் இப்போது கிழிந்த ஸ்பீக்கர் மட்டும் கரகரத்தது.

மூக்கு வேலை செய்யாததால் மோப்பத்தை விட்டுவிட்டார். நேராக பம்புக்குப் போனார். கை பம்பை அமுக்கினார். ஸ்பேனரால் குட்டினார். "அடி" என்று கையால் சைகை காட்டினார்.

கிளம்பவில்லை.

மறுபடி குட்டினார். கிளம்பவில்லை. நான் இரவல் பேட்டரியை மாட்டினேன். செல்ஃப் ஜோராகச் சுற்றியது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாமி வரம் கொடுக்க மறுத்த பக்தன் மாதிரி மாஸ்டரையே பார்த்தான்.

"பம்ப் போயிடுச்சு" என்று கரகரத்தார் மாஸ்டர். "இறக்கணும். வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போகணும்."

"மூட்டை?" என்றார் அக்கா.

"அது உன் பாடு."

அக்கா பார்த்த பார்வையில் மாஸ்டருக்கே ஜலதோஷம் கொஞ்சம் கூடியது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"டீசல்ல எதையோ கலந்திருக்கான். எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. நீ தொறந்து மோந்து சொல்லும்மா."

"நான் வேணா மோக்கறேன்..." என்று தம்பி இறங்கினான்.

"நீ உக்காரு. சோறு தீயறதே உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அக்கா பின்பக்கம் போய் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

நன்றாகக் கேட்டது. தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருமே, அந்த மாதிரி. ஆனால் இது வெளியே வரவில்லை, உள்ளே போனது. அக்கா கையில் இருந்த துணியின் நுனியைத் துவாரம் கவ்வி இழுத்தது. இத்தனை நாள் மாஸ்டர் மூடியைத் திறந்தபோதெல்லாம் இந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும். வண்டி சொல்வதையெல்லாம் கேட்கிறவர், அது உண்மையாகவே வாய் திறந்து சொன்ன ஒரே விஷயத்தை, தன் சொந்தப் பேச்சு சத்தத்தில் கேட்காமல் விட்டுவிட்டார். பங்க்கில் திறக்கிறவனுக்கோ ஜெனரேட்டர் இரைச்சல்.

"என்ன வாசம்?" என்றார் மாஸ்டர்.

"டீசல் வாசம்."

"அது தெரியும். எப்படிப்பட்ட டீசல் வாசம்?"

"டீசல் மாதிரி டீசல் வாசம்." அக்கா மூடியைப் போட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "செல்ஃப் அடி."

"இரும்மா, நான் மறுபடி தட்டவே இல்ல..."

வண்டி கிளம்பிவிட்டது. மாஸ்டர் ஸ்பேனரைத் தூக்கிய கையோடு நின்றார். ஒரே ஒரு நொடிதான். பிறகு அந்தக் கையாலேயே நெற்றித் தழும்பைச் சொறிந்துகொண்டார்.

"பாத்தியா? முதல்ல தட்டினது இப்பத்தான் வேலை செய்யுது. டீசல் மெதுவாத்தான் போகும்."

"ஏறுங்க மாஸ்டர்" என்றார் அக்கா.

"என் ஸ்கூட்டர்..."

"ஏறுங்க."

முன்னால் தம்பி, அக்கா, மாஸ்டர். பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் நான். இரவல் பேட்டரி வண்டிக்குள் இருந்ததே, நான் எப்படி இறங்குவது? ஓட்டுநர் அறையின் பின்புறக் கண்ணாடி எப்போதோ உடைந்துபோனது. பேசுவது எல்லாம் எனக்குக் கேட்டது. பேசியது ஒருவர்தான்.

பாலம் ஏறி இறங்குவதற்குள் இழுவை குறைந்தது. வண்டி நின்றது. மாஸ்டர் ஸ்பேனரை உருவினார். அக்கா அவர் முழங்கால்களைத் தாண்டி இறங்கி, பின்னால் வந்து, மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸ். "அடி" என்றார். கிளம்பியது.

இந்த முறை அவர் மூடியைத் திரும்பப் போடவில்லை. கவிழ்த்துப் பார்த்தார். கறுப்பு ரப்பர் வட்டம், பசை வழிந்து, வெகு அழகாக ஒட்டியிருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி ரப்பரின் ஓரத்தை நெம்பினார்.

இறங்கி வந்த மாஸ்டர் பதறினார். "ஐயோ, அதப் பிய்க்காதம்மா! வாசம் வரும்!"

ரப்பர் உரிந்து வந்தது. அடியில் அந்தத் துளை. கம்பெனிக்காரன் லட்சணம்.

டீசல் உள்ளேயிருந்து எஞ்சினுக்குப் போகப் போக, அதன் இடத்துக்கு வெளியிலிருந்து காற்று வர வேண்டும். அதற்குத்தான் துளை. பாட்டிலின் வாயை உதட்டால் இறுக்கி மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கொஞ்சம் வரும், பிறகு பாட்டில் உங்கள் உதட்டைப் பிடித்து இழுக்கும். அந்தப் பாவப்பட்ட பம்பும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. நிரம்பிய டேங்க்கில் காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரமே திணறியது. மாஸ்டர் மோப்பம் பிடிக்கத் திறந்தபோதெல்லாம் காற்று உள்ளே போனது, வண்டி பிழைத்தது. இறுக்கி மூடிவிட்டுப் போனார், மறுபடி செத்தது. குட்டு வாங்கிய பம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அக்கா ரப்பரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "இத ஒட்டினது யாரு?"

மாஸ்டர் ரப்பரைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். என்னைக்கூடப் பார்த்தார்.

"நடுவுல எவனோ..."

"எவன்?"

"...கை வச்சிருக்கான்."

"அந்தக் கைதான் இப்ப ஸ்பேனர் பிடிச்சிட்டு நிக்குது. வண்டியில ஏறுங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து, ஸ்டோர்காரர்கிட்ட, நான்தான் ஒட்டினேன், இவங்க மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் வேணாம். புது மூடி நானே வாங்கிப் போட்டுக்கறேன்."

"சொல்றேம்மா. அதுக்கென்ன. நானே எல்லாத்தையும் விளக்கிச் சொல்றேன்."

"விளக்க வேணாம். சொன்னா போதும்."

துளை திறந்த மூடியோடு வண்டி அதன் பிறகு நிற்கவேயில்லை. ஆனாலும் தாமதம் தாமதம்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வார்டில் விரிப்பு மாற்றும் நேரம் தாண்டியிருந்தது. ஸ்டோர் என்பது ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் அலமாரி நிறைய வெள்ளை விரிப்புகள், போர்வைகள், தலையணை உறைகள். நடுவில் மேசை. மேசைக்குப் பின்னால் ஸ்டோர்காரர், கொட்டாவியை மென்றுகொண்டு. நானும் தம்பியும் மூட்டைகளைத் தூக்கி வந்து போட்டோம்.

"அவ்ளோதாம்மா..." என்றார் ஸ்டோர்காரர். "நான் முன்னாடியே சொல்லிட்டேன்..."

"சார், இது என் தம்பி தப்பில்ல. வண்டியில இருந்த கோளாறு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மெக்கானிக்கையே கூட்டிட்டு வந்திருக்கேன். அவர் வாயாலயே கேளுங்க."

ஸ்டோர்காரர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "என்னய்யா... கோளாறு?"

அக்கா மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். துண்டைச் சரிசெய்துகொண்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சார்... டீசல் எஞ்சின்னா என்ன? முதல்ல அதப் புரிஞ்சுக்கணும். இதுல தீப்பொறி கிடையாது சார். அழுத்தம்தான் எல்லாம். நான் கப்பல் எஞ்சின் பாக்கும்போது..."

"வண்டிக்கு என்னய்யா?"

"அதுக்குத்தான் வர்றேன். டீசல்ங்கறது ஒரு ரோஷமான பொருள் சார். காத்து பட்டா ஆகாது, காத்து படாட்டியும் ஆகாது. நாசில்னு ஒண்ணு இருக்கு..."

"மாஸ்டர்" என்றார் அக்கா. "டேங்க் மூடியில ரப்பர்."

"ரப்பர்! கரெக்ட். ரப்பர்ங்கறது சார், பொதுவா..."

"மூடியில ரப்பர் இருந்ததா?" என்றார் ஸ்டோர்காரர். தூக்கம் கொஞ்சம் கலைந்திருந்தது. "யார் வச்சது?"

தம்பி தோளில் இருந்த கடைசி மூட்டையை இறக்கவில்லை. இரண்டே சொல் போதும். "நான்தான் வச்சேன்." இஸ்திரி மேசைப் பெண்கள், பாதி மெஷின்கள், அக்காவின் அத்தனை வருஷப் பாடு எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்காகக் காத்திருந்தன. மாஸ்டரின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"வச்சதுன்னு பாத்தா சார், கம்பெனியிலயே ஒரு ஓட்டை விட்டிருந்தான். நடுவுல எவனோ ஒருத்தன், நல்ல எண்ணத்துலதான்..."

அதற்கு மேல் வரவில்லை. வந்தது தும்மல். சும்மா ஒரு தும்மல் இல்லை. அடைபட்டிருந்த மூக்கு மொத்தமாகத் திறந்துகொண்ட தும்மல். அப்போதுதான் பிரித்து அடுக்கியிருந்த வெள்ளை விரிப்புகளின் மேல்.

ஸ்டோர்காரர் நாற்காலியிலிருந்து எழுந்ததை நான் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். மூக்கு வழியாக வந்த குரல் இப்போது வாய் வழியாகவே வந்தது, அதுவும் வேகமாக.

"யோவ்! வெளிய போய்யா! ஆஸ்பத்திரித் துணி அது!" அக்கா பக்கம் திரும்பினார். "இந்த ஆளுகிட்டயாம்மா வண்டிய விட்டு வச்சிருக்கீங்க?"

"ஆமா சார்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா சார்."

ஸ்டோர்காரர் அந்த அடுக்கை ஒரு குச்சியால் தள்ளிவிட்டார். பெருமூச்சு விட்டார். "சரி. உங்க வண்டிக் கோளாறு என்னன்னு இப்பத்தான் கண்ணால பாத்தேன். இதையெல்லாம் எடுத்துட்டுப் போய் மறுபடி துவைங்க. நாளைக்கு நேரத்துக்கு வாங்க, வேலை உங்களுக்குத்தான். ஆனா இந்த ஆளு அந்த வண்டியத் தொட்டான்னு தெரிஞ்சுது..."

"தொடமாட்டார் சார்."

அழுக்கு மூட்டைகளையும் தும்மல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். தம்பி விசிலடித்தான். அக்கா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஈரம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. தும்மலால் மூக்கு திறந்த மாஸ்டருக்குத் தொண்டையும் திறந்துவிட்டது.

"பாத்தியாம்மா? ரெண்டு வார்த்தை பேசினதும் ஆளு எப்படி மடங்கிட்டான்! நீயா பேசியிருந்தா இன்னைக்கு வேலை போயிருக்கும். டெக்னிக்கலா பேசணும். படிச்சவன்கிட்ட டெக்னிக்கலா பேசினாத்தான் பயப்படுவான். அப்பறம் அந்த மூடி விஷயம்... நான்தானே உன்னைத் தொறக்கச் சொன்னேன்? சொன்னேனா இல்லியா? எனக்கு சந்தேகம் இருந்ததுனாலதான்..."

"வண்டிய நிறுத்து" என்றார் அக்கா.

வண்டி ஓரமாக நின்றது. மாஸ்டர் காதைத் தீட்டினார். கை தானாக இடுப்பு ஸ்பேனருக்குப் போனது.

"என்ன, இழுவை குறையுதா? நான் நெனச்சேன். நான் சொல்லல, வண்டி..."

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எறங்குங்க."

"இங்கயா? ஸ்கூட்டர் இன்னும் எவ்வளவோ தள்ளி இருக்கேம்மா!"

"நடங்க."

இறங்கினார். கதவை அறைந்து சாத்தப் பார்த்தார். அது அவரே சரிசெய்த கதவு, அதனால் சாத்தவில்லை. அக்கா உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார். தம்பி கிளட்சை விட்டான். நான் மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பஞ்சராகி நின்ற ஒரு லாரியை நோக்கிப் போனார். டயரை மாற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள், அவர் கை லாரியின் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.